உப்புவெளி வளவில் டாக்வுட்: ஒரு நிகழ்வு ஆய்வு

திருகோணமலையில் டாக்வுட் என்ற குளிர்நாட்டு அலங்காரச் செடி நிலைக்காது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆசையோடு வாசிக்கத் தொடங்கி ஏமாற வேண்டாம். ஏன் நிலைக்காது, அதை விரும்பியவர்கள் எதை நட்டால் மனம் ஆறும், நட்டதைத் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றிலிருந்து எப்படிக் காப்பது என்பவைதான் இங்கே பேச்சு. கனடாவில் அந்தப் புதரை வைத்திருக்கும் நம்மவர்களுக்கும் நடுவில் கொஞ்சம் இருக்கிறது.

வந்த முறைப்பாடு

வீடு திருகோணமலையை ஒட்டிய உப்புவெளியில், கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர். மகள் குடும்பம் டொரொண்டோவில், ஸ்காபரோப் பக்கம். மகளின் வீட்டு முன்புறம் ஒரு புதர் உண்டு. தை மாதத்தில் இலை ஒன்றுகூட இல்லாமல், பனி மூடிய நிலத்திலிருந்து செக்கச்செவேலென்று தடிகள் மட்டும் நிமிர்ந்து நிற்கும். வாட்ஸ்அப்பில் அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து ஐயாவுக்கு அது வேண்டும். அம்மாவின் மனம் போனது வேறொரு படத்தில்: இலை தெரியாமல் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் ஒரு சிறு மரம். இரண்டையும் மகள் டாக்வுட் என்றே சொல்லியிருக்கிறார். சரி, ஒரே செடிதான், பங்குனியில் பூக்கும், மார்கழியில் சிவக்கும் என்று இருவரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

உண்மையில் அவை இரண்டு செடிகள். கோர்னஸ் என்ற பேரினத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு, பெரும்பாலும் வடகோளத்தின் குளிர்நாடுகளில். ஐயா கேட்டது கோர்னஸ் செரிசியா. கனடாவின் ஆற்றங்கரைகளிலும் சதுப்பு ஓரங்களிலும் தானாக வளரும் புதர் அது. ஆளுயரம் அல்லது அதற்குச் சற்று மேலே போகும். பூ சிறியது, காய் வெள்ளை, பெருமை முழுவதும் தடியின் சிவப்பில். அம்மா கேட்டது கோர்னஸ் புளோரிடா. அது கிழக்கு அமெரிக்கக் காடுகளின் சிறு மரம். அதில் பெரிய வெள்ளை இதழ்களாகத் தெரியும் நான்கும் இதழ்களே அல்ல, பூவைச் சுற்றி நிற்கும் பூவடிச் செதில்கள். உண்மையான பூக்கள் நடுவில் பச்சை மஞ்சளாக, மிளகளவில், கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

விடுமுறைக்கு ஓகஸ்டில் வந்த மகள், ஈரக் காகிதத்தில் சுற்றிய சில தடிகளையும் ஒரு சிறு விதைப் பொதியையும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். தடிகள் சட்டியில் ஊன்றப்பட்டன. ஒரு வாரத்துக்குள் ஒவ்வொரு கணுவிலும் சோடி சோடியாக இலை. வீட்டில் ஒரே கொண்டாட்டம். அப்புறம் இலை ஓரம் கருகத் தொடங்கியது. ஐயா காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினார். கருகல் கூடியதே தவிரக் குறையவில்லை. "தம்பி, தண்ணி காணாதோ?" என்று கேட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்.

பார்த்தபோது

சட்டிகள் மேற்கு விறாந்தையில் இருந்தன. புரட்டாதி வெயில் ஒரு பக்கம், கச்சான் ஒரு பக்கம். தடி ஒன்றின் பட்டையை நகத்தால் சுரண்டினேன். மேலே இன்னும் பச்சை. இரண்டு கணு இறங்கினால் மஞ்சள். மண்ணோடு தொடும் இடம் பழுப்பாகி, விரலால் அமுக்கினால் நீர் கசிந்தது. பிடுங்கிப் பார்த்ததில் ஒரு வேர்கூட இல்லை. முதலில் வந்த இலைகள் எல்லாம் தடிக்குள் சேமித்து வைத்திருந்த மாப்பொருளில் வந்தவை. வேர் வருவதற்கு முன் அந்தச் சேமிப்புத் தீர்ந்துவிட்டது. தண்ணீர் போதாமல் கருகிய இலையும், தண்ணீர் கூடி அழுகிய அடித்தண்டும் ஒரே தடியில் இருந்தன. தண்ணீரைக் கூட்டியதில் கருகல் நிற்காததற்குக் காரணம் அதுதான்.

சட்டி விளிம்பில் வெள்ளையாக ஒரு படை கட்டியிருந்தது. வீட்டுக் கேத்திலின் அடியிலும் அதே வெள்ளை. கடலோரக் கிணறு, கடினமான தண்ணீர். வளவு மணலைக் கையில் அள்ளிப் பார்த்தால் சிப்பித் துண்டுகள் கண்ணுக்கே தெரியும். அம்மாவிடம் கொஞ்சம் வினாகிரி வாங்கி அந்த மணலில் விட்டேன், நுரைத்தது. சுண்ணாம்புத் தன்மை உள்ள மண். டாக்வுட்டுக்கு மட்டுமல்ல, பின்னால் நாங்கள் நட்ட செடிக்கும் இந்த நுரை முக்கியமாகப் போயிற்று.

செடி டாக்வுட்தானா என்று ஒரு சந்தேகம் இருந்தது. மிஞ்சியிருந்த பச்சை இலை ஒன்றைக் குறுக்கே மெதுவாகக் கிழித்து, இரண்டு துண்டையும் மெல்ல விலக்கினேன். இடையில் சிலந்தி நூல் போல வெள்ளை இழைகள் நீண்டு, கீழ்த்துண்டு விழாமல் தொங்கியது. இலை நரம்பிலுள்ள நீர்க்குழாய்களின் சுருள் தடிப்புகள் பிரிந்து நீள்வதால் வரும் இழைகள் அவை. எதிரெதிர் இலை, ஓரத்தை ஒட்டி வளைந்து நுனி நோக்கி ஓடும் நரம்பு, இந்த இழை மூன்றும் சேர்ந்தால் கோர்னஸ் என்று துணிந்து சொல்லலாம். மகள் கொண்டுவந்தது சரியான செடிதான்.

கொண்டுவந்த முறை சரியில்லை. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வெளிநாட்டிலிருந்து தடியோ விதையோ கன்றோ கொண்டுவருவதற்கு முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். அனுப்பும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். கட்டுநாயக்கவில் இதற்கென்றே தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம் இருக்கிறது. "ரெண்டு தடிதானே" என்று ஐயா சொன்னார். பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. 2008இல் இலங்கையில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டு, பப்பாசி, மரவள்ளி, கோயில் வாசல்களில் நிற்கும் வெள்ளை அலரி என்று ஒன்றையும் விடவில்லை. அதைத் தின்னும் குளவியை வெளியிலிருந்து தருவித்து விட்ட பிறகுதான் அடங்கியது. அப்படி ஒரு பூச்சி வந்து இறங்குவதற்கு இரண்டு தடி தாராளம். தடிகளையும் சட்டி மண்ணையும் விதைப் பொதியையும் அன்றே எரித்துவிட்டோம். அம்மாவுக்கு மனத்தாங்கல்தான், ஆனால் மறுக்கவில்லை.

ஏன் இங்கே வராது

வெயில் கூடியதால் என்று எல்லாரும் சொல்வார்கள். அது பாதிக் காரணம். பெரிய காரணம், குளிர் இல்லாதது.

இலையுதிர்க்கும் குளிர்நாட்டுச் செடிகள் இலை கொட்டியதும் உறங்கப் போகின்றன. அந்த உறக்கம் கலைவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: 7 பாகை செல்சியசுக்குக் கீழே பல நூறு மணி நேரம் கழிய வேண்டும். கழிந்தால்தான் மொட்டு ஒழுங்காக விரியும். டொரொண்டோவில் அந்தக் கணக்கு மார்கழிக்கும் மாசிக்கும் இடையில் நிறைந்து வழியும். திருகோணமலையில் ஆண்டிலேயே குளிரான தை மாத இரவுகூட 24 பாகையை ஒட்டித்தான் நிற்கிறது. ஒரு மணி நேரமும் சேராது. இங்கே வளர்த்தெடுத்தாலும் அது தூங்கவும் முடியாமல் விழிக்கவும் முடியாமல், அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துளிர்த்து, ஆண்டுக்கு ஆண்டு மெலிந்து போகும்.

விதைக்கும் அதே நியாயம்தான். கெட்டியான ஓட்டுக்குள் இருக்கும் முளைக்கு ஈரக் குளிர் தேவை: செந்தண்டு வகைக்கு 2 முதல் 3 மாதம், வெள்ளைப்பூ வகைக்கு 3 முதல் 4 மாதம், 5 பாகைக்கு அண்மையில். ஈர மணலில் கலந்து பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் முளைக்க வைக்கலாம், அது ஒன்றும் வித்தையல்ல. முளைத்த பிறகு என்ன செய்வது? செடியை ஆண்டுதோறும் பிரிட்ஜுக்குள் வைக்க முடியாதே.

வெயிலின் பங்கு வேரில் இருக்கிறது. டாக்வுட்டுக்கு வேர் மேலோட்டமாகப் பரவும். குளிர்ந்த, ஈரம் மாறாத, இலைமக்கு நிறைந்த மண்ணுக்குப் பழகிய வேர். உப்புவெளி மணலில் சித்திரைப் பகலில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள், மேல்மண்ணில் கிடக்கும் வேரின் பாடு விளங்கும்.

தடியின் சிவப்பும் குளிரோடு சேர்ந்ததுதான். நாள் குறுகி, குளிர் இறங்கி, இலை கொட்டி, வெயில் நேரே பட்டையில் படும்போது அந்தோசயனின் என்ற நிறமி பட்டையில் ஊறுகிறது. கோடையில் டொரொண்டோவிலேயே அந்தத் தடிகள் மங்கல் பச்சையாகத்தான் இருக்கும். ஐயா பார்த்த படம் தை மாதத்துப் படம். இங்கே அந்தத் தை வராது.

மலைநாட்டில் வருமா என்று கேட்பவர்கள் உண்டு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, சில தை இரவுகளில் புல்லில் உறைபனி விழும். ஆனாலும் செந்தண்டுக்கு அந்தக் குளிர் தொடர்ச்சியாகப் போதாது. முறைப்படி அனுமதி எடுத்து முயல்வதென்றால், இமயமலைச் சாரலில் வளரும் இலையுதிராத டாக்வுட்டான கோர்னஸ் கப்பிற்றாட்டாவைத் தேடுவதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. உப்புவெளிக்கு அதுவும் இல்லை.

ஸ்காபரோப் புதர்

இதையெல்லாம் ஐயா மகளுக்குச் சொல்ல, அங்கிருந்து வேறு கேள்வி வந்தது. தன் வீட்டுப் புதரின் சிவப்பு வருடத்துக்கு வருடம் குறைகிறதாம், அடிப்பக்கம் சாம்பல் நிறமாகிவிட்டதாம். உரம் போட வேண்டுமா?

படங்களை வாங்கிப் பார்த்தேன். கோடையில் வேலி வெட்டும் கத்தரியால் உச்சியை மட்டும் உருண்டையாக நறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். செந்தண்டு டாக்வுட்டில் பளிச்சென்று சிவப்பது ஓரிரண்டு வயதுத் தடிகள்தான். மூன்று நான்கு வயதானால் பட்டை தடித்து மங்கிவிடும். உச்சியை நறுக்கினால் கிழட்டுத் தடி அப்படியே நிற்க, மேலே விளக்குமாறு போலக் குச்சி மட்டும் அடர்கிறது.

செய்ய வேண்டியது இது. பனி கரைந்து மொட்டு விரிவதற்கு முன், அங்கே மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ, மிகப் பழைய தடிகளில் மூன்றில் ஒரு பங்கை நிலத்தோடு அறுத்து எடுக்க வேண்டும். அடுத்த ஆண்டு இன்னொரு பங்கு. மூன்று ஆண்டில் புதர் முழுக்கப் புதிதாகிவிடும். பொறுமை இல்லாதவர்கள் முழுப் புதரையும் அரை அடி உயரத்துக்கு வெட்டிவிடுவதும் உண்டு. நன்றாக வேர் பிடித்த புதர் அதைத் தாங்கும், ஆனால் அந்த ஆண்டு பூவும் காயும் இராது. நட்டு இரண்டு மூன்று ஆண்டு ஆகாத கன்றில் இந்த வேலையே வேண்டாம். கோடையில் வெட்டினால், அடுத்த குளிருக்குச் சிவக்க வேண்டிய தளிரையே வெட்டியதாகும்.

உரம் அவசியமில்லை. நிழல் கூடினாலும் சிவப்பு குறையும் என்பதால் பக்கத்து மரத்தின் கிளையை எடுக்கச் சொன்னேன். அடியில் மரத்தூளோ இலையோ 2 முதல் 3 அங்குலம் மூடாக்காகப் போட்டு, தண்டோடு ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். இளந்தடியை முயலும் மானும் விரும்பித் தின்னும், சிறு கன்றைச் சுற்றிக் கம்பிவலை போடுவது நல்லது. இதைச் சொன்னபோது ஐயா சிரித்துவிட்டார். திருகோணமலை நகரத்தில் கோட்டைப் பக்கத்து வீட்டுக்காரர்களும் இதே மான் கதையைத்தான் சொல்வார்கள்.

பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டுமென்றால், இலை கொட்டிய பிறகு பென்சில் தடிப்பில் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான தடி எடுத்து, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி ஊன்றிவிட்டால் வேர் விடும். நாங்கள் பூவரசங்கதியால் நடுவதும் அவர்கள் இதை நடுவதும் ஒரே வேலைதான். நிலத்தைத் தொட்டுக் கிடக்கும் கிளை தானாகவே வேர் விடும், அதை வெட்டிப் பிரித்தாலும் போதும். ஓகஸ்டில் இலையோடு ஒடித்துப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்ததற்கு இங்கே கதி கிடைக்காததில் வியப்பில்லை.

வெள்ளைக்கு முசாண்டா

இனி உப்புவெளி. இருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன்: டாக்வுட்டில் உங்களுக்கு எது வேண்டும்? அம்மாவுக்கு வெள்ளை. ஐயாவுக்குச் சிவப்புத் தடி. ஒரே செடியில் இரண்டும் வேண்டும் என்று நிற்காவிட்டால் வழி இருக்கிறது.

வெள்ளைக்கு முசாண்டா. ஆங்கிலத்தில் இதை வெப்பவலய டாக்வுட் என்று அழைப்பவர்களும் இருக்கிறார்கள். சொந்தம் ஒன்றும் இல்லை, இது கோப்பி, வெட்சி வகையறா. ஆனால் காட்டும் வித்தை அதேதான். இதழாகத் தெரிவது இதழல்ல, அகன்று நிறம் மாறிய புல்லி. உண்மையான பூ நடுவில் மஞ்சள் நட்சத்திரமாகச் சிறிதாக இருக்கும். காட்டு முசாண்டாவில் பூவுக்கு ஒரு புல்லி மட்டும் வெளுத்து நிற்கும். பிலிப்பைன்சில் எல்லாப் புல்லியும் வெளுத்த ஒரு திரிபு அகப்பட்டு, அந்நாட்டு சனாதிபதியாக இருந்த மனுவேல் கேசோனின் மனைவி அவுரோராவின் பெயரில் 'டோனா அவுரோரா' ஆயிற்று. அதன் வழியில் லொஸ் பானோஸ் விவசாயக் கல்லூரியில் இளஞ்சிவப்பு வகைகளையும் உருவாக்கினார்கள். நம் ஊர் வீட்டு வாசல்களில் நிற்கும் ரோசா நிற முசாண்டா அந்த வம்சம். அம்மா வெள்ளையையே கேட்டார்.

ஐயா உடனே நடுவோம் என்று நின்றார். மறித்தேன். இந்த ஊரில் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரைதான் விழுகிறது. புரட்டாதியில் நட்ட கன்றுக்குக் கச்சானும் கிணற்றுத் தண்ணீரும்தான் கிடைக்கும். ஐப்பசியில் நட்டால் மாரி முழுவதும் மழைத் தண்ணீரில் வேர் ஓடி, வைகாசிக் கச்சான் எழும்பும்போது தன் காலில் நிற்கும். அந்த இடைவெளியில் கிடங்கு வெட்டும் வேலையைப் பார்த்தோம்.

இடம் தேர்வதில்தான் நேரம் போனது. இங்கே இரண்டு காற்றுக்கு ஈடு கொடுக்க வேண்டும். மாரியில் வடகிழக்கிலிருந்து வரும் காற்று கடலின் உப்பைத் தூவிக்கொண்டு வரும். கோடையில் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான், மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு, காய்ந்து சூடாகி இந்தப் பக்கம் இறங்கும். முசாண்டா இரண்டையும் விரும்பாது. கடைசியில் குசினியின் கிழக்குச் சுவரோரம் பொருத்தமாகப் பட்டது. காலை வெயில் விழும், நண்பகலுக்குப் பின் வீட்டின் நிழல் மெல்ல வரும். கச்சானை வீடே மறைக்கும். கடல் பக்கம் ஏற்கெனவே பூவரச வேலி இருந்தது, இடைவெளிகளில் இன்னும் நாலு கதியால் போட்டு அடைத்தோம்.

கிடங்கு இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். வெட்டிய சிப்பி மணலைத் திரும்பப் போடவே இல்லை. செம்மண், மக்கிய மாட்டெரு, கழுவிய தும்புத்தூள், வாழைச் சருகு கலந்து நிரப்பினோம். தும்புத்தூளைக் கழுவாமல் போட்டால் அதிலும் உப்பு இருக்கும், அதைப் பலர் கவனிப்பதில்லை. அடியில் பொச்சுமட்டை ஒரு வரிசை. கறையான் வருமே என்று அம்மா பயந்தார். ஈரம் காயாமல் இருக்கும்வரை கறையான் பெரிதாக வராது, காயவிட்டால்தான் தேடி வரும்.

முதல் ஆண்டு

மாரி முழுக்கக் கன்று தளதளவென்று வளர்ந்தது. மாசியில் நோய்க்குறி தெரிந்தது. புது இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றது. பழைய இலைகளுக்கு ஒன்றும் இல்லை. இதைப் பார்த்து யூரியா போடுவதுதான் வழக்கம். ஐயாவும் வாங்கி வைத்திருந்தார். நைதரசன் குறைந்தால் முதலில் மஞ்சளாவது அடி இலை, முழுவதுமாக. நுனி இலை மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் அது இரும்புக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. மழை நின்றதும் கிணற்றுத் தண்ணீருக்கு மாறியிருந்தார்கள். அந்தத் தண்ணீரின் சுண்ணாம்பு இரும்பைச் செடிக்கு எட்டாதபடி கட்டிப் போட்டுவிட்டது.

மண்ணில் இரும்பு உப்பு கொட்டினால் அதையும் சுண்ணாம்பு கட்டிவிடும். ஆகவே இலைக்குத் தெளித்தோம்: ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 கிராம் பெரசு சல்பேற்று, இரும்பு படியாமல் கரைந்திருக்கச் சில துளி தேசிக்காய்ச் சாறு, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் இரு பக்கமும். சுவரில் பட்டால் துருக்கறை விழும், அம்மா பழைய சாக்கைத் தொங்கவிட்டார். இரண்டாம் தெளிப்புக்குப் பிறகு வந்த இலைகள் பச்சையாக வந்தன. ஆனால் இது மருந்துதான், சாப்பாடு அல்ல. நிரந்தர வழிக்குக் கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைத்து, முசாண்டாவுக்கு அதையும் அரிசி கழுவிய தண்ணீரையும் முதலில் கொடுக்க ஏற்பாடு செய்தோம். பீப்பாய்க்கு நுளம்புவலை கட்டாயம். டெங்குக்காரர் வந்து பார்த்தால் ஐயாதான் பதில் சொல்ல வேண்டும்.

சித்திரையில் முதல் வெள்ளைக் கொத்து. கூடவே எறும்பு வரிசை. எறும்பு ஏறினால் மேலே வெண்மூட்டுப்பூச்சி இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இலைக்காம்புக் கவட்டில் பஞ்சு போல ஒட்டியிருந்தது. கொத்தோடு இரண்டு நுனியை வெட்டி எரித்து, மீதியைக் குழாய்த் தண்ணீரின் வேகத்தில் அடித்துக் கழுவி, சவர்க்காரக் கரைசலில் வேப்பெண்ணெய் கலந்து வாரம் ஒருமுறை தெளித்ததில் அடங்கியது.

ஆனியில் கச்சான். வீடு மறைத்தும், வெள்ளைப் புல்லிகளின் ஓரம் தேயிலைச் சாயம் பட்டதுபோல் பழுப்பானது. இதற்கு மருந்து இல்லை. இந்த ஊரில் வெள்ளை முசாண்டாவின் அழகான காலம் மாசியிலிருந்து வைகாசி வரை என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஆனி, ஆடி, ஆவணியில் அது உயிரோடிருந்தால் போதும். செடிக்கு மறைப்பாகக் கிடுகு ஒன்று சாய்த்து வைத்து, அடியில் பொச்சுமட்டையும் சருகும் அடர்த்தியாக மூடி, மூன்று நாளைக்கு ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் கொடுத்தார்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் வேர் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

புரட்டாதிக் கடைசியில், மழைக்குச் சற்று முன், செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டினோம். ஐயா கத்தியை வாங்கித் தர மறுத்தார், "பூக்கிற செடியை ஆர் வெட்டுவினம்?" என்று. முசாண்டா புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும். வெட்டாமல் விட்டால் கால் நீண்டு, உச்சியில் மட்டும் நாலு கொத்து வைக்கும். வெட்டியதில் ஐப்பசி மழையோடு ஒவ்வொரு கணுவிலும் இரண்டு மூன்று தளிர் வந்தது. இரண்டாம் ஆண்டுப் பங்குனியில் பூ முதலாண்டைவிடப் பல மடங்கு. படம் டொரொண்டோவுக்குப் போனது.

இதில் விதை பிடிக்காது. கன்று வேண்டுமென்றால் அரைமுற்றல் தடியை வேர்த்தூளில் தொட்டுப் பொலித்தீன் மூடிய சட்டியில் வைக்கலாம், ஆனால் கூடுதலானவை பிடிப்பதில்லை. மாரியில் காற்றுப்பதி கட்டுவதுதான், அதாவது செடியில் நிற்கும் கிளையிலேயே ஈர மண் கட்டி வேர் வரவைப்பதுதான், நிச்சயமான வழி.

சிவப்புத் தடியும் அழிஞ்சிலும்

ஐயாவின் சிவப்புக்குக் கொம்புக்கள்ளியில் ஒரு வகையை வைத்தோம். பென்சில் போல உருண்ட தடிகள், இலை இல்லை என்றே சொல்லலாம், நுனி மஞ்சளும் செம்மஞ்சளுமாக இருக்கும். நாற்றுமேடைகளில் 'ஸ்ரிக்ஸ் ஒன் ஃபயர்' என்று கேட்டால் தெரியும். கச்சான், மணல், உப்புக்காற்று, சுண்ணாம்பு எதையும் சட்டை செய்யாது. முழு வெயில் வேண்டும், நிழலில் வெறும் பச்சையாகிவிடும். தண்ணீர் கூடினால் அழுகும், ஆதலால் ஐயாவின் மூன்று வேளை ஊற்றலிலிருந்து தள்ளி, தெற்கு மூலையில் மண் மேடு கட்டி நட்டது. பனியில் நிற்கும் செந்தண்டின் சிவப்பு இதற்கு வராது. குளிர்ந்த மாதங்களில் நுனி கொஞ்சம் கூடச் சிவக்கும், அவ்வளவுதான்.

இதன் பால் மட்டும் பொல்லாதது. தோலில் பட்டால் எரியும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, உடனே நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வெட்டுபவர் கையுறையும் கண்ணாடியும் போட வேண்டும். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும் வீடு என்பதால் சுற்றித் தாழ்வான கம்பிவேலி போட்டோம்.

கிடங்கு வெட்டிய நாட்களில்தான் இன்னொன்று கண்ணில் பட்டது. பின்வளவு எல்லையில், முள் என்று ஆண்டாண்டாக வெட்டித் தள்ளிய அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து நின்றது அழிஞ்சில். கன்னியா போகும் வழிப் பற்றைகளில் எல்லாம் இருக்கிற செடி. அதை யாரும் வீட்டில் வைப்பதில்லை. பழைய தாவரவியல் நூல்களில் அழிஞ்சிலுக்குத் தனிக் குடும்பம். 2016இல் வந்த ஏபிஜி என்ற பூக்குந்தாவர வகைப்பாடு அதைக் கோர்னேசியில், அதாவது டாக்வுட்டின் குடும்பத்திலேயே வைக்கிறது. மகள் பெட்டிக்குள் கொண்டுவந்ததற்கு வளவிலேயே ஒரு சொந்தக்காரர் நின்றிருக்கிறார்.

டாக்வுட் குளிருக்கு இலை கொட்டும், அழிஞ்சில் வறட்சிக்குக் கொட்டும். மாரி முடிந்து மண் காயும்போது மொட்டையாகி, வெறுங்கிளையில் வெள்ளைப் பூ வைக்கும். ஒடுங்கிய இதழ்கள் பின்னால் சுருண்டு, நடுவில் கேசரங்கள் குஞ்சம் போல நிற்கும், வாசமும் உண்டு. பழம் சிவந்து கறுக்கும், சிறுவர்களும் பறவைகளும் தின்பார்கள். வேர்ப்பட்டை சித்த மருத்துவச் சரக்கு, ஆனால் வீட்டில் தாங்களாகக் காய்ச்சிக் குடித்துப் பார்க்கும் பொருளல்ல. தோட்டக்காரனாகப் பார்த்தால் தண்ணீர், எரு, தெளிப்பு ஒன்றும் கேட்காத செடி. குறை என்றால் இளங்கிளையின் முள்ளும், பூக்கும் காலம் குறுகியதும்.

அந்த அடிக்கட்டையில் வந்த தளிர்களில் நேராக நின்ற மூன்றை விட்டு மற்றதை எடுத்தோம். வழிநடைக்குக் குறுக்கே நீண்ட முள்கிளைகளைக் கழித்தோம், வேறொன்றும் செய்யவில்லை. இரண்டாம் கோடையில் ஒரு தடியில் கொஞ்சம் பூத்தது. அம்மாவுக்கு முசாண்டாவே போதும் என்று சொல்லிவிட்டார். ஐயாதான் இப்போது பழம் பொறுக்கி, சதையைக் கழுவி, மணல் கலந்த சட்டியில் விதைத்து வைத்திருக்கிறார். முளைத்தால் ஐப்பசியில் தெற்கு வேலியோரம் வரிசையாக நடுவதாக ஏற்பாடு. கள்ளிக்கும் அந்த வரிசைக்கும் இடையில் ஆறடியாவது விடச் சொல்லியிருக்கிறேன்.